மணிமேகலை என்னும் பெயர்

எம் இல்லத்தில் பெண் மகவு பிறந்து இருபது நாட்களாயின. அதற்குள் வீட்டில் மூன்று கட்சிகள் தோன்றிவிட்டன. சோதிடர் குறித்துக் கொடுத்த எழுத்தில் தொடங்கும் பெயரே வேண்டும் என்பது ஒரு கட்சி. கூப்பிடச் சிறியதாகவும், கேட்கப் புதியதாகவும், பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'ஷ' என்னும் எழுத்தொன்றேனும் உடையதாகவும் இருத்தல் வேண்டும் என்பது மற்றொரு கட்சி. தமிழ் இலக்கியத்தினின்றும் எடுத்த பெயராக இருத்தல் வேண்டும் என்பது மூன்றாவது கட்சி. இம் மூன்றாங் கட்சிக்குத் தலைவனும் தொண்டனும் யான் ஒருவனே.

யான் முன்மொழிந்த பெயர் மணிமேகலை. அதனைக் கேட்டவுடன் என் அன்னையார், "வாழப் போகிற பிள்ளைக்குத் துறவியின் பெயரா, ஐயா?" என்றார். மைத்துனரோ, "தாசி மகளின் பெயராயிற்றே, மச்சான்!" என்று நகைத்தார். என் மனைவி ஒன்றும் கூறவில்லை. "தீர ஆராய்ந்து முடிவு சொல்லுங்கள்; அதன் பின்னர் யான் சொல்லுகிறேன்" என்பது அவள் மௌனத்தின் பொருள். ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

ஒரு குழந்தைக்குப் பெயரிடுவது பத்திரிகையில் எழுதத்தக்க பெருஞ் செய்தியா என நேயர்கள் வினவலாம். ஆடை கிழிந்தால் மாற்றலாம். வீடு பழுதானால் புதுக்கலாம். பெயரோ, தான் கேளாமலே பிறர் இட, தன் வாழ்நாள் முடியுமளவும் ஒருவர் சுமக்கும் பொருள். அதனைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நம் முன்னோர்க்கு எவ்வளவு இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இச் செய்தி சிறியதன்று என்பது விளங்கும்.

செக்ரோலில் கண்ட பெயர்கள்

யான் ஜோகூர் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் கிராணி. ஆங்கிலப் பள்ளியிற் பயின்றவன். நாள்தோறும் பிறர் பெயரை உரோமன் எழுத்தில் எழுதுவதே என் தொழில். சில ஆண்டுகட்கு முன் அலுவலகத்தின் பின்னறையைத் துப்புரவு செய்தபோது, கறையான் தின்றது போக எஞ்சிய பழைய செக்ரோல் புத்தகங்கள் சில அகப்பட்டன. தோட்டம் பால்மரத் தோட்டமாக இருந்த காலத்துப் புத்தகங்கள் அவை. வேலையை மறந்து அரை நாள் அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பெண்கள் பக்கத்தில் யான் கண்ட பெயர்கள் எத்தகையன? மாரியாயி, முனியம்மாள், கருப்பாயி, அஞ்சலை, குப்பம்மாள், பிச்சையம்மாள், போதும்பொண்ணு. இவற்றுள் தெய்வப் பெயர்கள் அன்பினால் இடப்பட்டவை. அவற்றை இகழ்தல் என் நோக்கமன்று. ஆனால் குப்பம்மாள், பிச்சையம்மாள் என்பன அச்சத்தினால் இடப்பட்டவை. முன்னர்ப் பிறந்த மக்களெல்லாம் மாண்டுபோன வீட்டில், பின்னர்ப் பிறந்த மகவைக் குப்பையிற் கிடத்தி எடுத்தோ, பிறரிடம் பிச்சையாகப் பெற்றதாகப் பாவித்தோ, கூற்றுவன் கண்ணிற் படாதவாறு இழிந்த பெயரிடுதல் தமிழ்நாட்டு வழக்கம். போதும்பொண்ணு என்பதோ சலிப்பினால் இடப்பட்டது. பெண்ணுக்குப் பின் பெண்ணாகப் பிறந்த வீட்டில், இனிப் பெண் வேண்டா என்பதைத் தெய்வத்திற்கு அறிவிக்கும் விண்ணப்பம் அது. அவ் விண்ணப்பத்தை அக் குழந்தையின் நெற்றியிலன்றோ எழுதி ஒட்டினார்கள்! எவர் அழைத்தாலும், எத்தனை முறை அழைத்தாலும், "நீ வேண்டாதவள்" என்பதைக் கேட்டுக்கொண்டே அவள் எழுபது ஆண்டு வாழ்தல் வேண்டும்.

என் அப்பாயியின் பெயரும் குப்பையை முதலாகக் கொண்டதே. அதனை ஓர் அலுவலகத்தில் எழுதியவர் ஒருவிதமாகவும், மற்றோர் அலுவலகத்தில் எழுதியவர் வேறு விதமாகவும் எழுதி வைத்தமையால், இரண்டு தாளிலும் இருப்பவர் தாம் ஒருவரே என மெய்ப்பிக்க முதுமையில் அவர் நடந்த நடை கொஞ்சமன்று. எழுதியவர்கள் என்னைப் போன்ற கிராணிகளே. 1928-ஆம் ஆண்டில் மலாயாவின் தோட்டப் பகுதிகள் சிலவற்றிற்குச் சட்டப்படி வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு; பெண்ணுக்கு 40 காசு. உழைப்பையே குறைத்தெழுதிய ஏடு பெயரை மட்டும் நிறைத்தெழுதுமா?

அப் புத்தகங்களில் ஒரு கண்ணகியும் இல்லை. ஒரு மணிமேகலையும் இல்லை. அதற்கு அம் மக்களின் அறியாமையைக் காரணமாகக் கூறுவது எளிது, ஆனால் நேர்மையன்று. ஏன் என்பதைப் பார்ப்போம்.

சுவடியினின்றும் வீட்டிற்கு

மணிமேகலை என்னும் காப்பியத்தைச் சீத்தலைச் சாத்தனார் முப்பது காதைகளில் இயற்றினார். சிலப்பதிகாரத்தோடு இணைத்து இரட்டைக் காப்பியம் எனப் போற்றப்பட்ட அந்நூல், பல நூற்றாண்டுகள் சுவடிக் கட்டுகளில் உறங்கிக் கிடந்தது. குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியையும், 1892-ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தையும் அச்சிட்ட பின்னர் மணிமேகலையைக் கையிலெடுத்தார். எடுத்தவர் திகைத்தார். அது எச் சமயத்து நூல் என்பதே தொடக்கத்தில் அவருக்கு விளங்கவில்லை. அதே கல்லூரியைச் சேர்ந்த மளூர் ரங்காசாரியரே அது பௌத்த நூல் எனக் கண்டு கூறினார். ஆங்கில நூல்களின் வாயிலாகப் பௌத்தத்தைக் கற்றிருந்த அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்து, 1898-ஆம் ஆண்டில் ஐயர் அந்நூலை அரும்பதவுரையுடன் வெளியிட்டார்.

தமிழ்ப் பெரும் புலவர்க்கே பொருள் விளங்காது கிடந்த ஒரு நூலின் தலைவி பெயரை, நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஏழை எங்ஙனம் அறிவான்? அறிந்திருந்தாலும், 'இவனுக்கு இப் பெயர் எதற்கு?' என்று கேட்க ஊரில் ஆள் இருந்தது. உயர்ந்தோர் என்பாரின் வீட்டுப் பெயரைத் தாழ்ந்தோர் எனப்பட்டார் தம் பிள்ளைக்கு இடுதல் பல ஊர்களில் துடுக்காகக் கருதப்பட்டது. பெயரிலும் ஒரு சேரி இருந்தது, நேயர்களே.

அச் சேரிச் சுவரை இடித்தவை இரண்டு. ஒன்று அச்சு, மற்றொன்று சீர்திருத்தம். 1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கம் தோன்றியது. வேதாசலம் என்பார் மறைமலை ஆனார். 1929-ஆம் ஆண்டு டிசம்பரில் ஈ. வெ. ராமசாமி மலாயாவிற்கு வந்தார். 1932-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது; 1935-ஆம் ஆண்டில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' தோன்றியது. பெயரின் வாலிலிருந்த சாதியை வெட்டுதல், பிள்ளைகட்குத் தமிழ்ப் பெயரிடுதல் என்பன மேடைதோறும் பேசப்பட்டன. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு, ராமசாமிக்குப் 'பெரியார்' என்னும் பெயரைச் சூட்டியது. ஆண்கள் பெண்களுக்குப் பெயரிட்டு வந்த நாட்டில், பெண்கள் கூடி ஓர் ஆணுக்கு இட்ட பெயரே நிலைத்துவிட்டது!

இவ்வாறு வீதிக்கு வந்த இலக்கியப் பெயர், பையப் பையத் தோட்டத்து லயங்களுக்கும் வந்தது. என் தலைமுறைக்கு அது வந்து சேர்ந்த வழியைக் கூற நாணுகின்றேன், எனினும் கூறுவேன். யான் மணிமேகலையை முதலிற் படித்தது தமிழிலன்று. அலேன் தானியேலு என்னும் பிரெஞ்சுக்காரர் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பிற் படித்தேன். வீட்டுத் திண்ணையில் இருந்த பொருளை ஊரைச் சுற்றிப் போய்க் கண்டவன் யான். அதன் பின்னரே மூலத்தையும் உரையையும் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக உழன்றேன்.

காப்பியத்திலேயே ஒரு பெயர்சூட்டு விழா

உழன்றதற்குப் பயன் கிடைத்தது. யாம் இன்று வீட்டில் நடத்தும் இவ் வழக்கைச் சிலப்பதிகாரமே ஒருமுறை நடத்தி முடித்திருக்கின்றது. அடைக்கலக் காதையில், மதுரைக்கு வெளியே, யாவும் இழந்து நிற்கும் கோவலனைத் தலைச்செங்கானத்து மாடலன் என்னும் மறையவன் காண்கிறான்; கோவலனின் பழைய நாட்களை அவனுக்கே எடுத்துரைக்கிறான். அவற்றுள் ஒன்று, மாதவிக்குப் பெண் மகவு பிறந்தபோது நிகழ்ந்தது.

வாலாமை நாள் கழிந்த பின்னர், கணிகையர் குலத்து முதியவர்கள் குழந்தைக்கு என்ன பெயரிடலாம் என்று கூடி ஆராய்கின்றனர். கோவலன் குறுக்கிடுகிறான். அவனுடைய முன்னோன் ஒருவன் வணிகத்தின் பொருட்டுக் கடலிற் சென்றபோது, நள்ளிரவில் கலம் உடைந்தது. கரை காணாமல் சில நாட்கள் நீந்தினான். அப்போது கடல்காவல் தெய்வமாகிய மணிமேகலை தோன்றி, அஞ்சற்க என்று கூறி, அவனை எடுத்துக் கரை சேர்த்தது. "எம் குலத்தைக் காத்த அத் தெய்வத்தின் பெயரையே இவளுக்கு இடுக" என்பது கோவலனின் சொல். ஆயிரங் கணிகையர் மணிமேகலை எனக் கூறி வாழ்த்தினர். அன்று தானம் பெற வந்த தளர்ந்த முதியவன் ஒருவனை மதயானை பற்ற, கோவலன் பாய்ந்து அவனை மீட்டான்.

இக் காட்சியிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. கோவலன் செல்வன், செம்பொன்னை அள்ளி வழங்கியவன். 'மணிகள் கோத்த இடையணி' என்பது மணிமேகலை என்னும் சொல்லின் பொருள். ஆனால் அவன் அணிகலனை நினைத்து அப் பெயரைத் தேர்ந்தானல்லன். கடலில் தத்தளித்த ஒருவனை நினைத்துத் தேர்ந்தான். ஆகவே அப் பெயர் ஒரு நன்றிக் கடன். அதனைப் பெற்ற மகளோ பின்னர் அணிகலன் அத்தனையும் கழற்றிவிட்டு, ஓட்டைப் போன்றதொரு பாத்திரத்தைக் கையிலேந்தினாள். அணியின் பெயரைக் கொண்டவள் அணியைத் துறந்தாள். காத்த தெய்வத்தின் பெயரைக் கொண்டவள் காக்கும் தொழிலை மேற்கொண்டாள். பெயரின் இரண்டு பொருளுள் எதனை வாழ்வது என்பதை அவளே தீர்மானித்தாள்.

நம் கடலின் தெய்வம்

இப் பெயரில் என் மனம் ஊன்றியதற்கு இன்னொரு காரணம், யாம் வாழும் நிலத்திற்கும் அதற்கும் உள்ள உறவு. ஜோகூரின் கீழ்க்கரையில் ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை அறையும்போது, மெர்சிங் மீனவர்கள் கடலை நோக்கிக் காத்திருப்பதைக் காணலாம். அக் கடலின் வட கரையிலுள்ள தாய்லாந்திலும் கம்போடியாவிலும் மணிமேகலா தெய்வத்தை இன்றும் அறிவார்கள். அங்கே அவள் கையிலுள்ள மணியை வீசிக் காட்டுகிறாள், அது மின்னல். அசுரன் ஒருவன் சினந்து கோடரியை எறிகிறான், அது இடி. இக் கதையை நடனமாக ஆடுகின்றனர். மேலைப் பசிபிக் கடலில் எழும் புயல்களுக்கு இடுவதற்கென 2000-ஆம் ஆண்டு முதல் வழங்கும் பெயர்ப் பட்டியலில், தாய்லாந்து கொடுத்த பெயர்களுள் ஒன்று 'மேக்கலா' என்பது. வானிலை அறிக்கையில் அப் பெயரைக் கேட்கும் தமிழர், அது நம் காப்பியத்து மேகலை என்பதை எண்ணுவதில்லை.

பாலி மொழியிலுள்ள மகாசனக சாதகக் கதையிலும் இத் தெய்வம் வருகின்றது. கலமுடைந்து ஏழு நாட்கள் விடாது நீந்திய இளவரசனை அவள் தூக்கிக் காக்கிறாள். தாய்லாந்து மன்னர் பூமிபால் அக் கதையைத் தம் மொழி நடையில் எழுதி 1996-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி, 1930-ஆம் ஆண்டளவில், இக் கடல் தெய்வத்தைப் பற்றித் தனியே ஓர் ஆராய்ச்சி எழுதினார். இன்றைய செபராங் பிறையில் 1834-ஆம் ஆண்டில் சேம்சு லோ கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாநாவிகன் ஒருவனுடையது. ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டினது. வங்கக் கடலைக் கடந்து வந்த பௌத்த மாலுமிகளின் கால்பட்ட நிலம் இது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

காப்பியத்தின் தலைவியும் இத் திசைக்கு வருகின்றாள். சாவக நாட்டு நாகபுரத்தை அடைந்து, அங்கு அரசு செய்யும் புண்ணியராசனைக் காண்கின்றாள். சாவகம் என்பது சாவாத்தீவே என்பர் சிலர். சுமத்திராவையும் மலாய் நிலத்தையும் உட்கொண்ட பெயர் என்பர் வேறு சிலர். எப்படியாயினும், தமிழ்க் காப்பியத் தலைவியருள் கடல் கடந்து கீழ்த்திசைக்கு வந்தவள் இவள். கண்ணகி மதுரைக்கு வந்தாள். அதற்கப்பால் சேர நாடு சென்றாள். கப்பலேறி வந்தவர்களின் கொள்ளுப் பேத்திக்குக் கடல் கடந்தவளின் பெயர் பொருந்தாதா?

அன்னம் இட்ட கை

இனி அவள் செய்ததென்ன? மணிபல்லவத் தீவில், கோமுகி என்னும் பொய்கையில், வைகாசித் திங்கள் நிறைமதி நாளில் அமுதசுரபி அவள் கைக்கு வருகின்றது. புகார் நகரில் ஆதிரை என்பாள் அதில் முதற் பிச்சை இடுகின்றாள். எடுக்க எடுக்கக் குறையாத அச் சோற்றைக் கொண்டு, யானைத்தீ என்னும் தீராப் பசியால் வெந்த காயசண்டிகையின் நோயை முதலில் தீர்க்கின்றாள். பின்னர் பார்வையற்றோர், செவிகேளாதோர், நடக்கவியலாதோர், ஆதரவற்றோர் யாவரும் உண்கின்றனர். சோழ மன்னன் அவளை வரவழைத்து, யான் செய்யத்தக்கது யாது என்கிறான். பொன் கேட்டாளா? பூமி கேட்டாளா? சிறைக்கோட்டத்தைக் கேட்டாள். அதிலிருந்தோரை விடுவித்து, அதனை அறக்கோட்டம் ஆக்குமாறு செய்தாள்.

காஞ்சியில் மழை பொய்த்து மக்கள் மடிந்தபோது, அவள் பாத்திரம் அங்கும் சென்றது. வஞ்சியில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்க விரும்பியபோது, இளம் பெண்ணாயின் கூறார் என்பதனால், முதிர்ந்த துறவியின் வடிவு கொண்டு சென்று கேட்டாள். அறிவு பெறுவதற்காக ஆண் வேடம் புனைய நேர்ந்த அவளது நிலையைப் படித்தபோது, எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் அண்ணன் தம்பியின் புத்தகத்தை ஒளிந்து படித்திருப்பார்கள் என எண்ணினேன்.

தடைகளும் விடைகளும்

முதல் தடை, தாசி மகள் என்பது. மைத்துனர் நகைத்ததற்குக் காப்பியமே விடை கூறுகின்றது. பாட்டி சித்திராபதி குலத்தொழிலுக்கு அழைக்க, தாய் மாதவி மறுக்க, மகள் அக்குலக் கட்டினின்றும் வெளியேறுகின்றாள். அமுதசுரபிக்கு முன்னர் உரியவனாயிருந்த ஆபுத்திரனோ, பெற்றவளாற் கைவிடப்பட்டுப் பசுவினால் பால் ஊட்டப்பட்டவன். பசுவின் மகன் என்ற பெயரும், பிறப்பைச் சுட்டிய இழிமொழியும் அவனை விடவில்லை. அவனே மறுபிறப்பில் சாவகத்தின் அரசன் ஆனான். பிறப்பைக் கொண்டு ஒருவரை அளக்காதே என்பதை இதனினும் விளங்கக் கூறுவது எங்ஙனம்? நம் காலத்திலும் சான்றுண்டு. தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி மருத்துவர் ஆனார். சென்னைச் சட்டமன்றத்தில் துணைத் தலைவராக அமர்ந்தார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். அம் மரபின் துயரை நேரில் அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-ஆம் ஆண்டில் அதனை நாவலாக எழுதினார். 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் அவ் வழக்கத்தைச் சட்டத்தால் தடுத்தது. இழிவு அப் பெண்களுடையதா, அவர்களை அந்நிலையில் வைத்தோருடையதா?

இரண்டாம் தடை, துறவி என்பது. பழனியாண்டி என்று பெயரிடப்பட்ட ஆண் மக்கள் தோட்டந்தோறும் இருந்தனர். அவருள் எவரும் கோவணத்துடன் மலையேறிவிடவில்லை. மனைவி மக்களோடு வாழ்ந்து பேரன் பேத்தி கண்டார்கள். ஆணுக்கு ஆண்டியின் பெயர் ஆகும். பெண்ணுக்குத் துறவியின் பெயர் ஆகாதா? ஆயினும் ஒன்றை மறைக்க மாட்டேன். இளமையையும் உடலையும் வெறுத்து அந்நூல் பேசும் இடங்கள் எனக்கு உடன்பாடல்ல. என் மகள் ஓடி விளையாடவும், நன்றாக உடுக்கவும், விரும்பியவனை மணக்கவும், விரும்பாவிடின் மறுக்கவும் வேண்டுகின்றேன். நூலின் கொள்கை அனைத்தையும் அவள் மேல் ஏற்றுதல் என் கருத்தன்று.

மூன்றாம் தடை தனித்தமிழ் அன்பர் ஒருவர் எழுப்பியது. மேகலை வடசொல் என்றார் அவர். உண்மை. ஆனால் மறைமலையடிகளின் மகளார், தந்தையோடு தனித்தமிழ் இயக்கத்திற்குத் துணைநின்றவர், பெரியாருக்குப் பெயர் சூட்டிய அம் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர், நீலாம்பிகை என்றே விளங்கினார். அம்பிகை எம்மொழிச் சொல்? பல நூற்றாண்டு தமிழ் மண்ணில் வாழ்ந்து, தமிழ்க் காப்பியத்திற்கே பெயரான ஒரு சொல்லை இன்று அயலாள் என வெளியேற்ற என் மனம் ஒப்பவில்லை.

நான்காம் தடை நம் நாட்டிற்கே உரியது. 'மணி' என்னும் ஒலிக்கு மலாய் மொழியில் அவையில் கூறத்தகாத வேறொரு பொருளுண்டு. பள்ளியிற் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று என் மனைவி ஒரு நாள் மெல்லக் கூறினாள். ஆராய்ந்தவற்றுள் என்னை மிகவும் தயங்க வைத்தது இதுவே. புலவர்கள் எழுப்பும் தடைக்கு நூலில் விடை உண்டு. ஏழு வயதுக் குழந்தையின் கண்ணீருக்கு எந் நூலில் விடை உண்டு? எனினும் மணியம், மணிவண்ணன், சுப்பிரமணியம் என எத்தனையோ பேர் இந்நாட்டில் பிறந்து, படித்து, பணி செய்து வாழ்ந்திருக்கின்றனர். அவர்கள் தாங்கியதை இவளும் தாங்குவாள். தாங்கத் துணையாக, அப் பெயரின் கதையை யாம் அவளுக்கு முன்னரே கூறிவைத்தல் வேண்டும்.

ஐந்தாம் தடையை எழுப்பியவன் யானே. கலமுடைந்தவனைக் காத்த அத் தெய்வமே, விழாவை மறந்த அரசனின் பிழைக்காகப் புகார் நகரைக் கடல் கொள்ளுமாறு சபித்தது என்று மணிமேகலை நூல் கூறுகின்றது. ஒருவன் மறந்ததற்கு ஊர் முழுவதும் மூழ்குதல் என்ன நீதி? இதற்கு விடை காணேன். பழைய பெயரை எடுப்போர் அதன் ஒளியோடு நிழலையும் எடுக்கின்றனர் என்பதை மட்டும் அறிந்தேன்.

பிற பெயர்களையும் எடை போட்டேன். கண்ணகி பெரும் பெயர். 1968-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் அவள் சிலை எழுந்தது. 2001-ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. 2006-ஆம் ஆண்டில் மீண்டும் நின்றது. ஆனால் நீதியைப் பெறுமுன் அவள் இழந்தது மிகுதி. அத்துயரை நினையாமல் அப் பெயரை அழைக்க என்னால் இயலவில்லை. குந்தவை, வானதி என்பன 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய தொடர்கதையினால் மக்கள் நாவிற் பழகியவை, இனியவை. ஆயினும் அவை அரண்மனைப் பெயர்கள். என் உள்ளம் அட்சய பாத்திரத்தின் பக்கமே நின்றது.

பெயரும் செயலும்

இவ்வளவு கூறிய பின்னரும், பெயரே பெருமை தரும் என்று யான் கூறேன். 1943-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஜான்சிராணி படை அமைந்தபோது, மலாயாத் தோட்டங்களினின்றும் தமிழ்ப் பெண்கள் சென்று துப்பாக்கி ஏந்தினர். படைக்குத்தான் அரசியின் பெயர். படையில் நின்றவர்களுள் மாரியாயிகளும் முனியம்மாக்களும் இருந்திருப்பர். என் அப்பாயியோ, குப்பையின் பெயரைச் சுமந்துகொண்டே பால்வெட்டி எங்கள் குடும்பத்தை நிமிர்த்தினார். நல்ல பெயர் இருந்திருந்தால் அவர் இன்னும் நன்றாக வெட்டியிருப்பாரா? இல்லை. ஆனால் தம் பெயரைக் கேட்ட ஒவ்வொரு முறையும் தலை குனிந்திருக்க மாட்டார். அவ்வளவுதான் நல்ல பெயரால் ஆவது. அதுவும் சிறிதன்று.

முப்பதாம் நாள் நெருங்கியது. அன்னையாரை அமர்த்தி, துறவைப் பேசாது, அமுதசுரபியின் கதையை மட்டும் கூறினேன். யானைத்தீப் பசி தீர்ந்ததைக் கேட்டார். சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆனதைக் கேட்டார். நெடுநேரம் ஒன்றும் கூறவில்லை. பின்னர், சப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் லயத்தில் எல்லோரும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்ததையும், கிழங்கும் இல்லாத நாட்களில் குழந்தைகள் அழுததையும் தம் மாமியார் கூறக் கேட்டதாகச் சொன்னார். "எல்லாருக்கும் சோறு போட்ட பெண்ணா? இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, ஐயா" என்றார்.

யான் ஐந்து தடைகளையும் ஏடு புரட்டி விலக்கினேன். என் அன்னையார் ஒரே சொல்லில் வழக்கை முடித்துவிட்டார். பசி அறிந்தவர்களுக்கு இலக்கியம் விளங்க உரையாசிரியர் வேண்டா போலும்.

மறுநாள் பதிவிலாகாவிற்குச் சென்றோம். படிவத்தை நிரப்ப என் மனைவி பேனாவை என்னிடம் நீட்டினாள். "நீங்கள்தானே கிராணி" என்றாள். பல்லாயிரம் பெயர்களை எழுதிய கை அன்று சற்றே நடுங்கியது. பெயர், அதன் பின் 'மகள்' என்பதைக் குறிக்கும் 'அனாக் பெரம்புவான்' என்னும் மலாய்க் குறிப்பு, அதன் பின் என் பெயர். ஓரெழுத்தும் பிழையாதவாறு மும்முறை சரிபார்த்தேன். என் அப்பாயிக்கு எந்தக் கிராணியும் அத்தனை முறை சரிபார்த்ததில்லை.

வீடு திரும்பியதும் அன்னையார் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, "மேகலா" என்றழைத்தார். காப்பியத்துப் பெயர் பாதியாகக் குறைந்துவிட்டதே என்று யான் வருந்தவில்லை.